தமிழுக்குப் பதில் பெட்டி: உரைதிருத்தியில் எழுத்துருக் கோளாறை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

தமிழ் வர வேண்டிய இடத்தில் பெட்டி வந்து நின்றதும், பலருக்குக் கை தானாகப் போவது எழுத்துருப் பதிவிறக்கப் பக்கத்துக்குத்தான். நான்கைந்து எழுத்துருக்களை இறக்கி நிறுவி, கணினியை நிறுத்தித் திறந்து பார்த்தால் பெட்டி அப்படியே இருக்கும். திரையில் தெரியும் எல்லாப் பெட்டியும் எழுத்துரு இல்லாததால் வருவதில்லை. சில பெட்டிகள் கோப்பின் குறியேற்றத்தால், அதாவது எழுத்துகளை எண்களாக்கிக் கோப்பில் பதியும் முறையால் வருகின்றன. சில, எழுத்துகள் உள்ளிடப்பட்ட வரிசையால். சில, எழுத்துரு இருந்தும் உரைதிருத்தி அதைத் தேடிப் போகாததால். ஆகவே எதையும் நிறுவும் முன் கோளாறின் வடிவத்தை உற்றுப் பாருங்கள். எங்கே அறுந்தது என்பதை அந்த வடிவமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

தொடங்கும் முன் ஒரு கண்டிப்பு: திரையில் தமிழ் தவறாகத் தெரியும்போது அந்தக் கோப்பைச் சேமிக்காதீர்கள். முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். எழுத்துருக் கோளாறு என்றால் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. குறியேற்றக் கோளாறாக இருந்தால், ஒரே ஒரு சேமிப்பு மூல எழுத்துகளை மீட்க முடியாதபடி அழித்துவிடலாம்.

## உள்ளே நடப்பது

ஓர் எழுத்தை வரைய, திருத்தி முதலில் நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவிடம் போகிறது. எந்த எண்ணுக்கு எந்த உருவம் என்ற அட்டவணை ஒவ்வோர் எழுத்துருக் கோப்புக்குள்ளும் இருக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம், பதின்மக் கணக்கில், 2944 முதல் 3071 வரை. (இந்தக் கட்டுரையில் எல்லா எண்களையும் பதின்மத்திலேயே தருகிறேன்.) கன்சோலாஸ், மென்லோ போன்ற நிரலாளர் எழுத்துருக்களின் அட்டவணையில் இந்தப் பகுதியே கிடையாது. அப்போது திருத்தி, அல்லது அதன் அடியில் இருக்கும் இயங்குதளம், வேறோர் எழுத்துருவைத் தேடி எடுக்கிறது. அதுதான் மாற்று எழுத்துரு. விண்டோஸில் இது வழக்கமாக நிர்மலா யூஐ. மேக்கில் தமிழ் சங்கம் எம்என். லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் முதலானவற்றில் எது நிறுவப்பட்டிருக்கிறதோ அது.

எழுத்துரு கிடைத்தவுடன் வேலை முடிவதில்லை. ம, ி என்ற இரண்டு எண்களைச் சேர்த்து மி ஆக்குவதும், கொ என்பதில் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பதும் எழுத்து வடிவமைப்பு இயந்திரத்தின் வேலை. லினக்ஸிலும் பல உலாவிகளிலும் அது ஹார்ஃப்பஸ், விண்டோஸில் டைரக்ட்ரைட், பழைய மென்பொருள்களில் யூனிஸ்கிரைப், மேக்கில் கோர்டெக்ஸ்ட். ஆக, எண் சரியாக இருக்க வேண்டும், எழுத்துரு கிடைக்க வேண்டும், வடிவமைப்பு ஒழுங்காக நடக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினால் ஒவ்வொன்றுக்கும் திரையில் தெரிவது வேறு.

கீழே வரும் பெரும்பாலான அறிகுறிகளுக்கு இரண்டு தகவல்கள் போதும்: கர்சர் நிற்கும் இடத்தில் உள்ள எழுத்தின் எண் என்ன, அதை வரைந்த எழுத்துரு எது. ஈமேக்ஸ், விம், விஎஸ் கோட் என்ற மூன்று உரைதிருத்திகளில் வழி இதுதான். ஈமேக்ஸில் கண்ட்ரோல்-யு, கண்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி என்று அடுத்தடுத்து அழுத்தினால் இரண்டும் ஒரே சாளரத்தில் வரும். விம்மில் ஜி, ஏ விசைகளை அடுத்தடுத்துத் தட்டினால் எண் கிடைக்கும். ஜி, 8 தட்டினால் பைட்டுகள் கிடைக்கும். விஎஸ் கோடின் உதவிப் பட்டியலில் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, தமிழ் வரியைச் சுட்டி, கணக்கிடப்பட்ட பண்புகளின் அடிப்பகுதிக்குப் போனால், உண்மையில் பயன்பட்ட எழுத்துருக்களின் பெயர்கள் இருக்கும். அமைப்பில் நீங்கள் எழுதியிருப்பது ஒன்று, திரையில் வரைவது வேறொன்று என்பது அங்கே அம்பலமாகிவிடும்.

## அறிகுறி: வரிசையாக வெற்றுப் பெட்டிகள்

பெட்டிகளை எண்ணுங்கள். இது நேரத்தை மிச்சப்படுத்தும் சோதனை.

"தமிழ்" என்ற சொல் இருக்க வேண்டிய இடம் என்று வைத்துக்கொள்வோம். யூனிகோடில் அது ஐந்து எண்கள்: த 2980, ம 2990, இகரக் குறி 3007, ழ 2996, புள்ளி 3021. எழுத்துரு இல்லாமல் போனால் பெரும்பாலும் ஐந்து பெட்டிகள் தெரியும். மூன்றே பெட்டிகள் தெரிந்தால் சந்தேகம் வேறு பக்கம் போக வேண்டும். த, மி, ழ் என ஒவ்வொரு முழு எழுத்துக்கும் ஒரே எண் கொடுக்கும் முறை டேஸ்16. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடுடன் சேர்த்து இதையும் தரமாக அறிவித்தது. அந்த எழுத்துகள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில், அதாவது 57344க்கும் 63743க்கும் இடையில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பகுதியில் எந்த எண் எந்த எழுத்து என்று யூனிகோட் எதுவும் வரையறுக்கவில்லை. அதனால் நோட்டோவோ நிர்மலாவோ அவற்றை வரையாது. மாற்று எழுத்துருத் தேடலும் அங்கே உதவாது. டேஸ்16 எழுத்துருவை நிறுவிப் படிக்கலாம். தொடர்ந்து பயன்படுத்த வேண்டிய கோப்பு என்றால் யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது.

ஐந்து பெட்டிகள் என்றால் எழுத்துருவைப் பாருங்கள். லினக்ஸில் எஃப்சி-லிஸ்ட் கட்டளையுடன் மொழி வடிகட்டியாகத் தமிழின் ஈரெழுத்துக் குறியைக் கொடுத்தால், தமிழ் எழுத்துகளை முழுமையாகக் கொண்ட எழுத்துருக்கள் மட்டும் பட்டியலாகும். பட்டியல் காலி என்றால் நோட்டோ தொகுப்பையோ லோகித் தமிழையோ உங்கள் வழங்கலின் களஞ்சியத்திலிருந்து நிறுவுங்கள். விண்டோஸ் 8க்குப் பிறகு வந்த பதிப்புகளில் நிர்மலா யூஐ உடன் வருகிறது. அங்கே ஐந்து பெட்டி தெரிவது அரிது. தெரிந்தால் கோளாறு திருத்தியில்தான்.

இடையே ஒரு விளக்கம். விண்டோஸ் 10 முதல் லதா, விஜயா ஆகிய பழைய எழுத்துருக்கள் தாமாக வருவதில்லை. விருப்பக் கூறுகள் பட்டியலில் தமிழ் துணை எழுத்துருக்கள் என்ற பொருள்படும் பெயரில் அவை இருக்கின்றன. தேவையானால் அங்கிருந்து சேர்த்துக்கொள்ளலாம். லதாவில் தட்டிய பழைய ஆவணம் புதிய கணினியில் வேறு முகத்தோடு தெரிவதற்குக் காரணம் இதுவே. ஆவணம் கெடவில்லை.

## அறிகுறி: பெட்டிக்குள் எண்களோ ஒரு குறியோ

பெட்டிக்குள் சிறிய எழுத்தும் எண்ணும் கலந்து தெரிந்தால், அது பதினறும முறையில் எழுதிய யூனிகோட் எண். ஈமேக்ஸும் ஃபயர்ஃபாக்ஸும் இப்படிக் காட்டும். வெற்றுப் பெட்டியைவிட இது எவ்வளவோ மேல். தேடிப் பார்த்தும் எழுத்துரு கிடைக்கவில்லை என்று சொல்வதோடு, எந்த எழுத்து என்றும் சொல்லிவிடுகிறது. கணினியில் உள்ள கணிப்பானை நிரலாளர் முறைக்கு மாற்றினால் அதைப் பதின்மமாக்கிக்கொள்ளலாம்.

மேக்கில் சட்டம் போட்ட பெட்டிக்குள் ஒரு மாதிரி எழுத்தும், ஓரங்களில் பொடியாகத் தொகுதியின் பெயரும் தெரியும். அது லாஸ்ட்ரிசார்ட் என்ற எழுத்துரு. வேறு எதுவும் கிடைக்காதபோது இயங்குதளம் கடைசியாக எடுப்பது. நடுவில் தெரியும் எழுத்து உங்கள் உரையில் இருப்பதன்று. எந்த மொழித் தொகுதி என்பதற்கான அடையாளம் மட்டுமே.

ஈமேக்ஸில் எழுத்துரு நிறுவியும் எண் பெட்டிகள் தொடர்ந்தால், செட்-ஃபான்ட்செட்-ஃபான்ட் என்ற செயற்கூற்றைத் தொடக்கக் கோப்பில் எழுதி, தமிழ் வரிவடிவத்துக்கு இன்ன எழுத்துரு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தானாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டால் அது எதை எடுக்கும் என்பது ஒவ்வொரு கணினியிலும் மாறும். ஈமேக்ஸ் 27 முதல் ஹார்ஃப்பஸ் இயல்பாக வருகிறது. அதற்கும் முந்தைய பதிப்பில் தமிழ் எழுதிக்கொண்டிருந்தால், வேறு எதையும் தொடும் முன் பதிப்பை உயர்த்துங்கள்.

## அறிகுறி: மற்ற மென்பொருள்களில் தமிழ் தெரிகிறது, இந்தத் திருத்தியில் மட்டும் பெட்டி

எழுத்துரு இருக்கிறது, திருத்திக்கு அது எட்டவில்லை. முதலில் திருத்தியை முழுவதும் மூடித் திறங்கள். பல திருத்திகள் எழுத்துருப் பட்டியலைத் தொடங்கும்போது மட்டுமே படிக்கின்றன. லினக்ஸில் கையால் எழுத்துருக் கோப்பை வைத்திருந்தால் எஃப்சி-கேஷ் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். ஸ்னாப், ஃபிளாட்பேக் வழியாக நிறுவிய திருத்திகள் தனி அறைக்குள் இயங்குவதால், வழக்கத்துக்கு மாறான கோப்புறையில் வைத்த எழுத்துருவைப் பார்க்காமல் போகலாம். களஞ்சியம் வழியாக நிறுவினால் எழுத்துரு பொது இடத்துக்குப் போய்விடும். இந்தத் தொல்லை இருக்காது.

நோட்பேட்++ பயன்படுத்துபவர்கள் விருப்பத்தேர்வுகளில் பலவகை என்ற பகுதிக்குப் போய், டைரக்ட்ரைட்டைப் பயன்படுத்து என்ற தேர்வை இயக்கி, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். பலருக்கு இந்த ஒன்றே போதும்.

விஎஸ் கோடில் எழுத்துருக் குடும்பம் என்ற அமைப்பு காற்புள்ளியால் பிரித்த ஒரு பட்டியல். வரிசைதான் அங்கே எல்லாம். தமிழ் எழுத்துருவை முதலில் வைத்தால் ஆங்கில எழுத்துகளையும் அதுவே வரைந்துவிடும். நிரலின் வரிகள் நேராக நிற்காது. நிரலாளர் எழுத்துரு முதலில், தமிழ் எழுத்துரு அடுத்து, பொதுப்பெயர் கடைசியில் என்று வையுங்கள். இடைவெளி உள்ள பெயர்களுக்கு ஒற்றை மேற்கோள் போட மறந்தால் பட்டியல் பிசகலாம். எழுத்துருவின் பெயரை நினைவிலிருந்து எழுத வேண்டாம். எழுத்துருப் பட்டியலில் உள்ளபடியே நகலெடுங்கள்.

திருத்தியில் தமிழ் நன்றாகத் தெரிகிறது, சர்வரில் பிடிஎஃப் ஆக்கினால் பெட்டி என்பது இதன் இன்னொரு முகம். சர்வர்களில் மென்பொருளை ஓட்டத் தேவையானதை மட்டும் கட்டிவைத்த சிறிய கண்டெய்னர் படிமங்களில் பெரும்பாலும் எழுத்துருவே இருக்காது. உங்கள் மேசைக் கணினியில் உள்ள மாற்று எழுத்துரு அங்கே துணைக்கு வராது. படிமத்துக்குள்ளேயே நிறுவ வேண்டும்.

லிப்ரே ஆபிஸ், வேர்டு போன்ற சொற்செயலிகளில் எழுத்துருவை மாற்றியும் தமிழ் மட்டும் மாறாமல் இருந்தால், தமிழ்போல எழுத்துகள் சேர்ந்து உருமாறும் வரிவடிவங்களுக்கென்று (ஆங்கிலத்தில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்) அங்கே தனி எழுத்துரு அமைப்பு இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் மாற்றியது மேற்கத்திய எழுத்துகளுக்கானதை மட்டுமே.

## அறிகுறி: கேள்விக்குறிகள்

சாதாரணக் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் அது வருத்தமான செய்தி. தமிழ் இடமில்லாத பழைய குறியேற்றத்தில் யாரோ, அல்லது ஏதோ ஒரு மென்பொருள், கோப்பைச் சேமித்திருக்கிறது. ஒவ்வோர் எழுத்தும் உண்மையிலேயே கேள்விக்குறியாக மாறிவிட்டது. எண்ணைப் பாருங்கள்: 63 என்று வந்தால் அந்தக் கோப்பில் மீட்க ஒன்றுமில்லை, பழைய நகலைத் தேடுங்கள். விண்டோஸ் நோட்பேட் 2019 மே மாதப் புதுப்பிப்பிலிருந்துதான் யூனிகோட் எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறையான யூடிஎஃப்-8ஐ இயல்பாக வைத்திருக்கிறது. அதற்கு முன் ஆன்சி என்ற பழைய குறியேற்றத்திலேயே சேமித்து, எச்சரிக்கைப் பெட்டியைப் படிக்காமல் சரி என்று அழுத்தியவர்களின் கோப்புகள் இப்படி நிறைய இருக்கின்றன.

கருப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி, அதாவது � என்று வந்தால் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. அது 65533ஆம் எழுத்து. படித்த பைட்டுகள் இந்தக் குறியேற்றத்துக்குப் பொருந்தவில்லை என்பதற்கான அடையாளம். வட்டில் உள்ள பைட்டுகள் இன்னும் அப்படியே இருக்கலாம். சேமிக்காமல் மூடிவிட்டு, குறியேற்றத்தை மாற்றித் திறந்து பாருங்கள்.

## அறிகுறி: தமிழ் இல்லை, புரியாத லத்தீன் எழுத்துகள்

இதில் எழுத்துருவுக்குப் பங்கே இல்லை. மூன்று வகைகள் உண்டு, பார்வையிலேயே பிரித்துவிடலாம்.

முதல் வகையில், மேலே சாய்கோடு போட்ட லத்தீன் ஏ எழுத்தும் (à) அதையடுத்து ® குறியும் மூன்று எழுத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். அது யூடிஎஃப்-8 தமிழை, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியேற்றமான விண்டோஸ்-1252 என்று தவறாகப் படித்ததன் விளைவு. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் மூன்று பைட்டுகள். எல்லாம் 224இல் தொடங்கி, அடுத்து 174 அல்லது 175 வரும். த என்பது 224, 174, 164. விஎஸ் கோடில் அடிப்பட்டையில் குறியேற்றத்தின் பெயரை அழுத்தி, வேறு குறியேற்றத்தில் மீண்டும் திற என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் வேறு குறியேற்றத்தில் சேமி என்பதைத் தொடாதீர்கள். நோட்பேட்++இலும் இதே கவனம் வேண்டும்: குறியேற்றப் பட்டியலில் வெறும் யூடிஎஃப்-8 என்பது படிக்கும் முறையை மாற்றுகிறது, யூடிஎஃப்-8க்கு மாற்று என்பது கோப்பையே மாற்றுகிறது.

தவறாகப் படித்ததை அப்படியே சேமித்துவிட்டால் எதிர்ப்பக்கமாகத் திருப்பி மீட்க முயலலாம். ஆனால் முழுவதும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. காரணத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். விண்டோஸ்-1252 பட்டியலில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலி. தமிழ்ப் புள்ளியின் மூன்றாம் பைட்டு 141. உகரக் குறியின் மூன்றாம் பைட்டு 129. ஏ என்ற உயிருக்கு 143, ஐ என்ற உயிருக்கு 144. இடையில் வந்த ஏதாவது ஒரு மென்பொருள் இந்தக் காலி இடங்களைத் தூக்கி எறிந்திருந்தால், மீட்ட உரையில் குறிப்பாக இவை நான்கும் காணாமல் போயிருக்கும். "அவனுக்கு ஏன்" என்பதில் எந்தெந்த எழுத்துகள் உடையும் என்று பாருங்கள்: னு, க், கு, ஏ, ன். கோப்பு முழுவதும் புள்ளியும் உகரமும் இல்லாமல் இருந்தால், எழுதியவரையோ தட்டச்சு மென்பொருளையோ குறை சொல்ல வேண்டாம். நடந்தது இதுதான்.

இரண்டாம் வகையில் முக்கால் பின்னக் குறி, சென்ட் நாணயக் குறி, மேலே கோடு போட்ட லத்தீன் எழுத்துகள் எல்லாம் கலந்து வரும். ஒரே தாளக்கட்டு இருக்காது. "தமிழ்" என்பது ¾ என்ற குறியில் தொடங்கினால் அது பெரும்பாலும் டிஸ்கி. யூனிகோட் பரவும் முன் மின்னஞ்சல் குழுக்களில் வழங்கிய முறை அது. லினக்ஸின் ஐகான்வ் கட்டளைக்கு டிஸ்கி தெரியும். அதைக் கொண்டே யூடிஎஃப்-8 ஆக்கிவிடலாம்.

மூன்றாம் வகை, கோடு எதுவும் இல்லாத சாதாரண ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும். ஜே, கே, பி, ஓ, அதையடுத்து அரைப்புள்ளி என்று வந்தால் அது பாமினியில் தட்டிய "தமிழ்". இலங்கையில் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி வெகுகாலம் கோலோச்சியது. பழைய ஆவணங்கள் இன்னும் ஏராளம். பாமினி எழுத்துருவை அந்தப் பத்திக்குப் போட்டால் கண்ணுக்குத் தமிழ் தெரியும், ஆனால் கணினிக்கு அது என்றும் ஆங்கிலமே. தேடல், அகரவரிசை, பிழைதிருத்தி எதுவும் வேலை செய்யாது. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் இந்தப் பழைய முறைகளுக்கான மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஆங்கிலச் சொற்கள் கலந்திருந்த இடங்களைக் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள். அவையும் தமிழாக மாறி உருக்குலைந்திருக்கும்.

## அறிகுறி: புள்ளிகளால் ஆன வட்டம்

◌ என்ற இந்த வட்டத்தைக் கண்டால் எழுத்துருவைத் திட்டாதீர்கள். உயிர்க்குறி ஒன்று, ஒட்டிக்கொள்ள மெய்யில்லாமல் தனியாக நிற்கிறது என்று வடிவமைப்பு இயந்திரம் காட்டும் அடையாளம் அது.

முதல் காரணம் வரிசை. கையால் எழுதும்போது கெ என்பதில் கொம்பை முதலில் போடுகிறோம். யூனிகோடில் க முதலில், கொம்பு அடுத்து. பழைய தட்டச்சு வரிசையில் எழுதிய உரையை அரைகுறையாக மாற்றிய கோப்புகளில் கொம்பு முன்னால் வந்து வட்டம் தோன்றும். இரண்டாவது, ஒரே குறி இருமுறை விழுவது. அதை அழித்தால் தீர்ந்தது.

மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ர என்ற எழுத்தும் துணைக்காலும் பார்வைக்கு நெருக்கமானவை. அச்சை வருடி எழுத்துணரி மூலம் எடுத்த உரைகளிலும், சில தளங்களிலிருந்து நகலெடுத்த உரைகளிலும் "ர்" இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் இருக்கும். ஒரு திருத்தியில் அது ஒழுங்காகத் தெரியும், இன்னொன்றில் வட்டம் வரும். ஒழுங்காகத் தெரிவதுதான் ஆபத்து: "அவர்" என்று தேடினால் கிடைக்காது. எண்ணைப் பாருங்கள்; 2992 என்றால் ர, 3006 என்றால் துணைக்கால்.

இதே குடும்பத்தில் ஔகாரம். கௌ என்பதை க, கொம்பு, ள என்று மூன்றாகத் தட்டினால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஔகாரக் குறி 3020, ள 2995. அகராதித் தொகுப்பு, பெயர்ப் பட்டியல் போன்றவற்றைக் கையாள்பவர்கள் இதை ஒருமுறை துழாவிப் பார்ப்பது அவசியம்.

நான்காவது, வடமொழி ஒலிகளுக்காக மெய்யின்மேல் இடும் ², ³, ⁴ எண்கள். மெய்க்கும் உயிர்க்குறிக்கும் நடுவில் எண் புகுந்தால் உயிர்க்குறி அநாதையாகி வட்டம் வரும். உயிர்மெய் முழுவதும் முடிந்தபின் எண்ணை இடுங்கள். இன்னொன்று: இந்த மூன்றில் முதல் இரண்டும் 178, 179 என்று பழைய இடத்திலும், ⁴ மட்டும் 8308 என்று தொலைவிலும் இருக்கின்றன. முதன்மை எழுத்துருவில் முதல் இரண்டு இருந்து மூன்றாவது இல்லாமல் போனால், அது மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து வந்து அளவில் மாறித் தெரியும். மூன்றையும் கொண்ட எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதே தீர்வு.

## அறிகுறி: ஸ்ரீ மட்டும் உடைகிறது

ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஸ்ரீகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று ஸவில் (3000) தொடங்குவது. மற்றொன்று ஶவில் (2998) தொடங்குவது. ஶ யூனிகோடில் சேர்ந்தது 2005இல், 4.1ஆம் பதிப்பில். அதற்கு முன் உருவான எழுத்துருக்களில் அந்த எழுத்தே இல்லை. அப்படிப்பட்ட எழுத்துரு முதன்மையாக இருந்தால், ஶவுக்கு மட்டும் திருத்தி வேறோர் எழுத்துருவுக்கு ஓடும். புள்ளியும் ரீயும் பழைய எழுத்துருவிலேயே தங்கும். ஒரே கூட்டெழுத்தாக வர வேண்டியது இரண்டு எழுத்துருக்களுக்கு நடுவில் பிளந்து, பெட்டியும் வட்டமுமாக நிற்கும். நல்ல திருத்திகள் கூட்டெழுத்து முழுவதையும் சேர்த்தே மாற்று எழுத்துருவுக்குக் கொண்டுபோகின்றன. எல்லாமும் அப்படிச் செய்வதில்லை. எழுத்துருவைப் புதுப்பித்தால் காட்சி சரியாகும். தேடலில் ஸ்ரீதேவி ஒருவர் கிடைத்து இன்னொருவர் கிடைக்காமல் போவது எழுத்துருவால் தீராது. கோப்பு முழுவதும் ஏதேனும் ஒரு வடிவத்துக்கு ஒருங்கிணைக்க வேண்டும்.

## அறிகுறி: எழுத்துகள் தெரிகின்றன, ஆனால் அழகில்லை

எழுத்துகள் படிக்கட்டுப் படிக்கட்டாக, பழைய அச்சுப்பொறியில் வந்ததுபோல் இருந்தால், லினக்ஸில் யூனிஃபான்ட் முந்திக்கொண்டிருக்கிறது. உலகின் பெரும்பாலான எழுத்துகளுக்கும் ஒரு புள்ளிப்படம் வைத்திருக்கும் எழுத்துரு அது. வேறு எதுவும் இல்லாதபோது கைகொடுப்பதற்காக உருவானது. நல்ல தமிழ் எழுத்துருவை நிறுவி, லினக்ஸில் எழுத்துருத் தேர்வைக் கவனிக்கும் ஃபான்ட்கான்ஃபிக் அமைப்பில் அதற்கு முன்னுரிமை கொடுங்கள்.

ஈகாரச் சுழியின் தலையோ, மூ, ரூ போன்றவற்றின் அடியோ வெட்டுப்பட்டால் வரி உயரம் போதவில்லை. ஆங்கில எழுத்துருவின் உயரத்தை வைத்துத் திருத்தி வரியை அளக்கிறது. தமிழுக்கு மேலும் கீழும் கூடுதல் இடம் வேண்டும். விஎஸ் கோடில் வரி உயரத்தை 1.6 என்று வைத்துப் பாருங்கள். ஈமேக்ஸில் ஃபேஸ்-ஃபான்ட்-ரீஸ்கேல்-அலிஸ்ட் என்ற மாறியில் தமிழ் எழுத்துருவுக்கு 0.9 போன்ற அளவு கொடுத்தால் வரிகள் குதிப்பது அடங்கும். தடித்த எழுத்து மை கொட்டியதுபோல் தெரிந்தால், அந்த எழுத்துருவில் தடித்த வடிவமே இல்லை, திருத்தி செயற்கையாகத் தடிப்பாக்குகிறது என்று பொருள். லோகித் தமிழ், மீரா இனிமை இரண்டும் ஒரே தடிமனில் வருபவை. நிரல் திருத்தியில் தடித்த சொற்கள் அதிகம் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் மேல்.

முனையத்துக்குள் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்துக்குள்) விம்மைத் திறந்து எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண். முனையம் சமஅளவுக் கட்டங்களில் எழுத்தை வைக்கிறது. ண, ஜ, ஞ ஒரு கட்டத்தில் அடங்காது. ர தாராளமாக அடங்கும். தமிழ் உரைநடையை நீண்ட நேரம் திருத்த வேண்டுமென்றால் வரைகலைத் திருத்திக்கு மாறிவிடுங்கள்.

விஎஸ் கோடில் எழுத்து சரியாகவே இருந்து சுற்றிலும் மெல்லிய கட்டம் மட்டும் தெரிந்தால், அது கண்ணுக்குத் தெரியாத எழுத்தைப் பற்றிய எச்சரிக்கை. பெரும்பாலும் 8204 என்ற இணைப்பு நீக்கி. க், ஷ இரண்டும் க்ஷ ஆகாமல் தடுக்க அதற்கு உண்மையான வேலை இருக்கிறது. வேறு இடங்களில் இருந்தால் விசைப்பலகையோ மாற்றியோ போட்ட குப்பை, நீக்கிவிடலாம்.

## அறிகுறி: எல்லாத் தமிழும் தெரிகிறது, பழைய கணக்குக் குறிகள் மட்டும் பெட்டி

முந்திரி, அதாவது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு, இதுதான்: 𑿀. இதே வரியில் மற்றதெல்லாம் தெரிந்து இது மட்டும் பெட்டியாக இருந்தால், உங்கள் கணினியிலும் இந்தக் கோளாறு இருக்கிறது. பின்னங்கள், அளவைக் குறிகள் என 51 எழுத்துகள் 2019இல் யூனிகோட் 12.0 பதிப்பில் தமிழ்த் துணைத்தொகுதியாக வந்தன. அவை இருக்கும் இடம் 73664இல் தொடங்குகிறது. வழக்கமான தமிழ்த் தொகுதியிலிருந்து வெகு தொலைவு. நோட்டோ சான்ஸ் தமிழ் இருந்தால் போதாது. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்று தனியாக ஓர் எழுத்துரு இருக்கிறது, அதை நிறுவ வேண்டும். விண்டோஸில் துணை எழுத்துருக்கள் என்ற பெயரில் வரும் லதாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எழுத்துருப் பட்டியலில் தமிழ் எழுத்துருவுக்கு அடுத்ததாக இதை எழுதிவிடுங்கள். ஓலைகளையும் பழைய நிலக்கணக்குகளையும் எண்ணிமமாக்குபவர்கள் வேலை தொடங்கும் முன்னரே குழுவில் உள்ள எல்லாக் கணினிகளிலும் இதைச் செய்துவைப்பது நல்லது. ஒருவர் திரையில் பெட்டியாகத் தெரிந்ததைப் பிழை என்று நினைத்து அழித்துவிட்டால், அந்தக் கணக்கின் எண்ணே போய்விடும்.

## இவை எதிலும் அடங்காவிட்டால்

உதவி கேட்கும்போது திரைப்பிடிப்பு மட்டும் அனுப்பினால் யாராலும் ஒன்றும் சொல்ல இயலாது. பெட்டியின் படத்தில் எழுத்தின் எண் இல்லை. உடைந்த சொல்லை உரையாகவே ஒட்டுங்கள். அதிலுள்ள எழுத்துகளின் எண்களை வரிசை மாறாமல் எழுதுங்கள். எந்த எழுத்துரு வரைந்தது, திருத்தியின் பதிப்பு எது, இயங்குதளம் எது என்பதைச் சேருங்கள். அதே சொல் உலாவியில் எப்படித் தெரிகிறது என்றும் ஒரு வரி எழுதுங்கள். உலாவியில் சரியாகத் தெரிந்தால் புகார் திருத்தியை உருவாக்குபவர்களுக்குப் போக வேண்டும். அங்கேயும் அதே எழுத்துருவில் அதே மாதிரி உடைந்தால் எழுத்துருவை உருவாக்குபவர்களுக்கு. நோட்டோ, லோகித், மீரா இனிமை மூன்றும் திறமூலத் திட்டங்கள். சரியான எண்களோடு வரும் புகாரை வைத்துத் திருத்தும் வேலையை அங்கே யாரும் தொடங்க முடியும்.